செங்காந்தளை அடையாளம் காண்போம்

மழைக்காலத்தில் அழகர்மலை அடிவாரத்துக்கு விறகு பொறுக்கப் போனால், புதருக்குள் தீப்பிடித்த மாதிரி ஒரு பூ தெரியும். அதுதான் செங்காந்தள், நம்ம மாநில மலர். கண்வலிப்பூ, கார்த்திகைப்பூ என்றும் சொல்கிறோம்.

இதழ் ஆறு. நெளிநெளியாக மேலே வளைந்திருக்கும். முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் சிவப்பு. பூ இல்லையா? இலை நுனியைப் பாருங்க. சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும்.

நம்மில் பலருக்குப் பூ தெரியும், கிழங்கு தெரியாது. கலப்பை மாதிரி வளைந்திருக்கும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. வேகவைத்தாலும் விஷம் போகாது. (இதன் விதைக்காகத்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பயிர் செய்கிறார்கள், மருந்து எடுப்பது கம்பெனி வேலை, கைவைத்தியம் வேண்டாம்.)

யாராவது தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க. மிச்சக் கிழங்கையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.