காரில் படியும் பூச்சிக் கறை: நீக்கும் முறையும் நினைவில் கொள்ள வேண்டியவையும்

நம் சாவகக் குடும்பங்கள் பலவற்றில் இன்று கார் உள்ளது. மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் பொன்னூர் மலைக்கும் சென்று வழிபட்டுத் திரும்புவோர், வீடு வந்ததும் வண்டியின் முகப்பை நோக்கினால், பானட்டின் விளிம்பிலும் பம்பரிலும் முன்கண்ணாடியிலும் சிறு சிறு கறைகள் ஒட்டியிருக்கக் காண்பர். அவை சேறு அல்ல; வழியில் வண்டியில் மோதி மாண்ட சிற்றுயிர்களின் உடல்கள். அவற்றை உடனே துடைக்க முற்பட்டு நாரால் தேய்ப்பவர் வண்ணத்தைக் கெடுத்துக்கொள்கின்றனர். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுபவர்க்கும் அதே நிலைதான். இக்கறையை வண்ணப்பூச்சுக்கு ஊறின்றி நீக்குவது எங்ஙனம், அது மிகாமல் காப்பது எங்ஙனம் என்னும் இரண்டையும் இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. பூச்சின் இயல்பு

இக்காலக் கார்களின் தகட்டின் மேல் பல பூச்சுகள் உள்ளன. அடியில் துருவைத் தடுக்கும் பூச்சும், அதன்மேல் தளத்தைச் சமன் செய்யும் பூச்சும், அதன்மேல் நிறம் தரும் பூச்சும், யாவற்றுக்கும் மேலாக ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற பூச்சும் இருக்கும். இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரான். நாம் கண்டு மகிழும் பளபளப்பைத் தரும் மேற்பூச்சோ ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான் மட்டுமே. தலைமயிரின் பருமனிலும் குறைந்தது. கறையை நீக்குகிறோம் என்று நாம் தேய்ப்பது இந்த மெல்லிய படலத்தைத்தான் என்பதை மறத்தல் ஆகாது.

2. கறையின் இயல்பு

பூச்சியின் உடலில் இரத்தத்தின் தொழிலைச் செய்யும் நீர்மம் ஒன்று உண்டு. அதில் புரதங்களும் அமிலப் பொருள்களும் கலந்துள்ளன. மோதிய வேகத்தில் அந்நீர்மம் தகட்டின் மேல் பரவுகிறது. வெயிலாலும் எஞ்சினின் வெப்பத்தாலும் தகடு சூடேற, புரதம் உலர்ந்து இறுகிப் பசைபோல் பற்றிக்கொள்கிறது. பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்துவிட்டால் எவ்வாறு பற்றிக்கொள்ளும் என்பதை இல்லத்தரசியர் அறிவர். இதுவும் அத்தகையதே.

நாள் செல்லச் செல்ல அவ்வுடல் சிதைவுறுகிறது, அமிலத்தன்மை மிகுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ‘லவ்பக்’ எனப்படும் ஒருவகைச் சிறு பூச்சி, ஏப்ரல்-மே திங்கள்களிலும் ஆகஸ்ட்-செப்டம்பர் திங்கள்களிலும் திரளாகப் பறந்து, நெடுஞ்சாலைகளில் செல்லும் வண்டிகளை மூடிவிடும். அதன் உடல் நீர்மத்தின் பி.எச். அளவு முதலில் 6.5 என்றும், ஒரு நாள் விட்டுவைத்தால் 4.25 ஆகிவிடும் என்றும் அங்குள்ள பூச்சியியலார் குறித்துள்ளனர். இந்த அளவில் ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். ஆகவே ஒரே நாளில் நூறு மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. அந்த அமிலம் மேற்பூச்சை அரித்துக் குழியாக்கும். குழி விழுந்தபின் கழுவிப் பயனில்லை. எனவே பயணம் முடிந்த அன்றே, இயலாவிடின் மறுநாள் காலையிலேனும், கறையை நீக்கிவிடல் வேண்டும்.

3. நீக்கும் முறை

முதலாவது, வண்டி ஆறட்டும். நிழலில் நிறுத்தி, உள்ளங்கையைப் பானட்டின் மேல் வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று கண்டபின் தொடங்குக. சூடான தகட்டில் ஊற்றிய நீரும் சோப்பும் உடனே உலர்ந்து வேறொரு கறையாகும்.

இரண்டாவது, நீரை மெல்ல ஊற்றித் தூசியை வழியவிடுக. மணல் துகள் மேற்பூச்சைவிடக் கடினமானது. தூசியோடு துடைத்தால் துணியே உப்புத்தாள் போலாகிவிடும். நீரை வடிகட்டிப் பயன்படுத்துவது நம் இல்லங்களின் பழைய ஒழுக்கம். நீர்வாழ் உயிர்களைக் காக்க ஏற்பட்ட அவ்வொழுக்கம் இங்கே மணலையும் நீக்கித் தரும்.

மூன்றாவது, ஊறவைத்தல். இம்முறையின் உயிர்நிலை இதுவே. தடித்த பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கார் கழுவும் ஷாம்பு சில துளி சேர்த்து, கறையின் மேல் விரித்துப் போடுக. பத்து அல்லது பதினைந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். துணி உலரத் தொடங்கினால் மீண்டும் நீர் தெளிக்க. இறுகிய புரதம் நீரை ஏற்று மெல்ல இளகும்.

நான்காவது, ‘மைக்ரோஃபைபர்’ எனப்படும் நுண்ணிழைத் துணியை நனைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் வழித்தெடுக்க. வட்டமாகத் தேய்த்தல் கூடாது. அவ்வாறு தேய்த்த கோடுகளே வெயிலில் சிலந்தி வலைபோல் தோன்றும். ஒவ்வொரு முறையும் துணியின் தூய பக்கத்தைத் திருப்பிக் கொள்க. கறை எஞ்சினால் கையை அழுத்தாதீர்கள். துணியை மீண்டும் ஊறப் போடுங்கள். வலிமையால் ஆகாதது பொறுமையால் ஆகும்.

ஐந்தாவது, நல்ல நீரால் அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க. கழுவிய நீர் எறும்புப் புற்றின் பக்கம் ஓடாதவாறு இடம் பார்த்து வண்டியை நிறுத்துவதும் நம் கடமை.

முன்கண்ணாடியில் பூச்சி ஒட்டியிருக்கையில் நீரின்றி வைப்பரை ஓட்டலாகாது. கறை எங்கும் இழுபட்டுப் பார்வையை மறைக்கும்.

4. விலக்க வேண்டியவை

பாத்திரம் தேய்க்கும் நார், தேங்காய் நார், சாம்பல், பற்பசை ஆகியவை மேற்பூச்சைக் கீறும். சலவைத்தூள் காரத்தன்மை உடையது. பூசியுள்ள மெழுகை அகற்றிவிடும். தின்னர், பெட்ரோல் ஆகியவற்றை வண்ணத்தின் மேலோ, பிளாஸ்டிக்கால் ஆன முகவிளக்கின் மேலோ தொடவிடுதல் கூடாது. விளக்கின் தெளிவு கெடும். காய்ந்த கறையை நகத்தாலோ கத்தியாலோ சுரண்டுவதும் அப்படியே.

பொருள் வாங்குகையில் நாம் தனியே கருத வேண்டியவை இரண்டு உண்டு. காரைத் துடைக்க விற்கப்படும் ‘ஷாமாய்’ என்னும் மென்துணி, உண்மையில் துணி அன்று; ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் செய்தது. அதே பெயரில் செயற்கை இழையால் ஆனதும் கிடைக்கிறது. கேட்டறிந்து வாங்குக. அவ்வாறே, வண்டிக்குப் பூசும் மெழுகுகள் சிலவற்றில் தேன்மெழுகு சேர்வதுண்டு. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் ‘கார்னௌபா’ மெழுகு தாவரப் பொருள். கடினமும் பளபளப்பும் உடையது. தேனை விலக்கிய இல்லத்தார் உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குதல் நன்று.

இரண்டு மூன்று திங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசிவந்தால், கறை மெழுகின் மேல் தங்குமேயன்றிப் பூச்சை எளிதில் பற்றாது. கழுவுவதும் எளிதாகும். குழி விழுந்த கறைகளுக்குப் பாலிஷ் போடுவதுண்டு. அது மேற்பூச்சைச் சிறிது தேய்த்தே குழியை மறைக்கிறது. எனவே அடிக்கடி செய்யத்தக்கதன்று. தொழில் அறிந்தவரிடம் காட்டிச் செய்துகொள்க.

5. கறை மிகாமல் காத்தல்

இதுவரை கூறியது வண்ணத்தைக் காக்கும் வழி. உயிரைக் காக்கும் வழியையும் கூறாவிடில் இப்பாடம் நிறைவுறாது. எறும்பு, கறையான் முதலியன மூவறிவு உயிர்கள் என்றும், ஈ, கொசு, வண்டு, விட்டில் முதலியன ஊறு, சுவை, நாற்றம், பார்வை ஆகிய நான்கும் உடைய நாலறிவு உயிர்கள் என்றும் நம் ஆகமங்கள் வகுத்துள்ளன. வண்டியில் மோதி மடிபவை பெரும்பாலும் இவையே.

இல்லறத்தார் செய்ய நேரும் கொலையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்துரைப்பர். பயணத்தில் நேர்வது வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி அன்று; உண்மையே. ஆயினும் கவனமின்மையால் உயிரைப் போக்குவதே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுப்பதால், ‘தெரியாமல் நேர்ந்தது’ என்று கூறி அமைந்துவிட முடியாது. துறவியர் பகலில், எதிரே நான்கு முழ நிலத்தை நோக்கி, நடந்தே செல்வர். அது அவர்தம் ஈரியா சமிதி. கார் ஓட்டும் இல்லறத்தார்க்கு அது முற்றும் இயலாது. இயன்ற அளவு உண்டு, அதனைச் செய்யலாம்.

விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும் என்பதை அறிந்தே நம் முன்னோர் இரவுணவை விலக்கினர். வண்டியின் முகவிளக்கும் விளக்கே. ஆதலின் பகற்பொழுதில் பயணத்தை முடித்தல் முதல் வழி. சென்னையிலிருந்து திண்டிவனம் வருவோர் செங்கற்பட்டு, மதுராந்தகம் ஏரிகளைக் கடந்து வரவேண்டும். நீர்நிலைகளின் அருகே அந்தி நேரத்தில் பூச்சிகள் மிகுதி. காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்புமாறு வகுத்துக் கொள்வது நலம்.

மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கூட்டமாகக் கிளம்பும். அது நெடுநேரம் நீடிப்பதில்லை. பாதுகாப்பான இடம் கண்டு வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்துச் சற்றுக் காத்திருந்தால் பல நூறு உயிர்கள் பிழைக்கும்.

வேகத்தைக் குறைப்பது மற்றொரு வழி. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை 60 ஆகக் குறைத்தால், அவ்வாற்றல் ஏறத்தாழப் பாதியளவுக்கு இறங்கிவிடும். மெல்லச் செல்லும் வண்டியின் முன் காற்றோடு ஒதுங்கித் தப்பும் பூச்சிகளும் உண்டு.

கறையை அன்றே நீக்குவதிலும் ஓர் உயிர்க்காப்பு அடங்கியுள்ளது. இறந்த பூச்சிகளை நாடி எறும்புகள் வண்டியில் ஏறும். மறுநாள் வண்டி கிளம்புகையில் அவையும் மடியும். ஒரு கொலை மற்றொன்றுக்குக் காரணமாகாமல் அன்றைய தூய்மை தடுக்கிறது.

1989 முதல் 2016 வரை ஜெர்மனி நாட்டின் இயற்கைக் காப்பிடங்களில் பறக்கும் பூச்சிகளைத் திரட்டி எடையிட்டு ஆராய்ந்தவர்கள், 27 ஆண்டுகளில் அவ்வெடை முக்காற்பங்குக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் வெளியிட்டனர். வண்டியின் கண்ணாடியில் முன்போல் பூச்சிகள் படிவதில்லை என்று மேலைநாட்டார் பலர் கூறுவதும் இதனோடு ஒத்துள்ளது. கறை குறைவது இருவகையால் நிகழலாம்: நாம் கவனமாகச் செல்வதால் குறையலாம், உயிர்களே அற்றுப்போவதாலும் குறையலாம். நாம் விரும்புவது முன்னதே.

ஈரத்துணியைக் கறையின் மேல் இட்டுக் காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடமும் பிரதிக்கிரமணத்திற்கு ஏற்ற நேரம். இன்று எந்தப் பொழுதில் சென்றோம், எவ்வளவு விரைந்தோம், எதனைத் தவிர்த்திருக்கலாம் என்று குடும்பத்தார் எண்ணிப் பார்க்கலாம். அடுத்த பயணத்தில் கறை குறைந்திருப்பின் அதுவே நல்ல பயன்.

குடும்பத்துடன் கலந்து சிந்திக்க:

1. காய்ந்த பால் கறையையும் காய்ந்த பூச்சிக் கறையையும் ஊறவைத்தே நீக்க வேண்டும் என்பது ஏன்?

2. இரவுண்ணாமைக்கும் இரவுப் பயணத்தைக் குறைப்பதற்கும் உள்ள ஒற்றுமை யாது?

3. நம் இல்லத்தில் வண்டியைத் துடைக்கவும் மெருகூட்டவும் பயன்படும் பொருள்களில், உயிர்களின் உடலிலிருந்தோ உழைப்பிலிருந்தோ பெறப்பட்டவை எவை?