சிந்துவெளிப் பாடத்துக்கு ஏ.ஐ. துணை: 11 பயனுள்ள குறிப்புகள்

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் சிந்துவெளி நாகரிகம் பாடம் வந்ததும், இப்போது பல வீடுகளில் செல்போனைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் விடை வருகிறது, பிள்ளையும் பார்த்து எழுதி முடித்துவிடுகிறது. மனதில் எதுவும் நிற்பதில்லை. அதே ஏ.ஐ.யை வைத்துப் பிள்ளையை யோசிக்க வைக்கவும் முடியும். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கைகொடுக்கும் சில குறிப்புகள் இதோ.

1. போனை எடுக்கும் முன் நோட்டை எடுங்கள். பாடத்தை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, தோன்றும் மூன்று கேள்விகளைப் பிள்ளையையே எழுத வையுங்கள். "அவங்க வீட்டுல பாத்ரூம் இருந்துச்சா?" என்பதும் நல்ல கேள்விதான். மொகஞ்சதாரோவின் மூடிய வடிகால்கள் வரை அது அழைத்துப் போகும்.

2. சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயது நிரம்பாதவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 11 வயதுதான் இருக்கும். எனவே போன் உங்கள் கையில் இருக்கட்டும், கேள்வியைப் பிள்ளை சொல்லட்டும். பிள்ளையின் பெயர், பள்ளி, புகைப்படம் எதையும் அதில் பதிய வேண்டாம்.

3. பாடநூல் பக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்து, "இதில் உள்ளதை மட்டும் வைத்து ஒவ்வொன்றாக ஐந்து கேள்வி கேள், நான் பதில் சொன்ன பிறகு திருத்து" என்று ஏ.ஐ.யிடம் சொல்லுங்கள். பாடம் கையில் இருப்பதால், திருத்தம் சரியா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.

4. "நாகரிகம் எப்படித் தோன்றியது?" என்று மொத்தமாகக் கேட்டால் பொத்தாம் பொதுவான பதில்தான் வரும். வீட்டு அரிசி டிரம்மிலிருந்து தொடங்குங்கள். சாப்பிட்டது போக மிஞ்சிய தானியத்தை எங்கே வைப்பார்கள்? யார் கணக்குப் பார்ப்பார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை முதலில் ஊகிக்கட்டும், பிறகு ஏ.ஐ.யிடம் கேளுங்கள். பதிலோடு ஒப்பிட இரண்டு சான்றுகள்: பலுசிஸ்தானில் போலன் கணவாய் அருகே உள்ள மெஹர்கரில், ஹரப்பா பெருநகரமாவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே கோதுமையும் பார்லியும் விளைந்தன. மெசொப்பொத்தேமியாவின் உருக் நகரில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை தானியம், ஆடு போன்றவற்றின் கணக்குகளே. மிச்சத்தைக் காப்பதிலும் கணக்கு வைப்பதிலும் நகரம் வளர்ந்த விதம் பிள்ளைக்கு மெல்லப் புரியும்.

5. ஹரப்பா செங்கல்லின் கனம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். வீட்டுச் செங்கல்கள் பெரும்பாலும் 7, 14, 28 செ.மீ. அளவில் இருந்தன. களிமண்ணிலோ சப்பாத்தி மாவிலோ இதில் கால் பங்கு அளவுக்குப் பத்துக் கல் செய்து அடுக்கிப் பாருங்கள். இரண்டு கல்லின் அகலம் ஒரு கல்லின் நீளத்துக்குச் சரியாகப் பொருந்தும். சுவர் ஏன் உறுதியாக நின்றது என்ற காரணத்தைப் பிள்ளையே சொன்ன பிறகு, ஏ.ஐ.யிடம் சரிபாருங்கள்.

6. சிந்துவெளியின் சிறிய எடைக்கற்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். புளியங்கொட்டைகளை அந்தந்த எண்ணிக்கையில் சிறு பைகளில் கட்டுங்கள். "1 முதல் 127 வரை ஓர் எண் சொல்" என்று ஏ.ஐ.யைக் கேட்டு, அந்த எண்ணுக்குரிய பைகளைப் பிள்ளை எடுக்கட்டும். 13 என்றால் 8, 4, 1. ஏழே பைகளில் 127 வரை எந்த எண்ணும் கிடைக்கும்.

7. எழுத்துக் குறியீடுகள் உள்ள சிந்துவெளி முத்திரைப் படம் ஒன்றை ஏ.ஐ.யிடம் கொடுத்து "இதைப் படித்துச் சொல்" என்று கேளுங்கள். பொருள் சொல்லிவிட்டால் அதை நம்பாதீர்கள். ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977-ல் அந்தக் குறியீடுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதன் பிறகும் எல்லோரும் ஏற்கும் வாசிப்பு கிடைக்கவில்லை. படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழக முதலமைச்சர் 2025-ல் அறிவித்தார். ஏ.ஐ. தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சோதனை இல்லை.

8. ஏ.ஐ. வரைந்த படத்தைச் சான்றாக ஒட்டாதீர்கள். படத்தில் இரும்பு வாள் இருந்தால் தவறு, ஏனென்றால் ஹரப்பா நகரங்களின் காலத்தில் அங்கே இரும்பின் பயன்பாடு இல்லை. இப்படிப் பிழை கண்டுபிடிப்பதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். படத்தில் தெரியாத உண்மை அளவையும் ஸ்கேலில் காட்டுங்கள். மொகஞ்சதாரோவின் 'நடனமாது' வெண்கலச் சிலையின் உயரம் சுமார் 10.5 செ.மீ.தான்.

9. கி.மு. என்றாலே பிள்ளைகள் குழம்புவார்கள். துணிக்கொடியில் நூறு ஆண்டுக்கு 5 செ.மீ. என்று அளந்து, கிளிப் மாட்டிச் சீட்டுகளைத் தொங்கவிடுங்கள். ஹரப்பா நகரங்கள் செழித்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. கீழடியில் கிடைத்த பழைய காலக்கணிப்பு கி.மு. ஆறாம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ 65 செ.மீ. வெறும் கயிறு இருக்கும். அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளை தானே கேட்கும்.

10. "நீ மெசொப்பொத்தேமியாவின் 'ஊர்' என்ற நகரத்துக்கு மணி விற்கப் போகும் சிந்துவெளி வணிகர்" என்று சொல்லி ஏ.ஐ.யோடு உரையாட விடுங்கள். 'ஊர்' நகரின் அரச கல்லறைகளில் சிந்துவெளியின் சிவப்பு மணிகள் கிடைத்திருப்பதால், இந்தக் கதைக்கு அடிப்படை உண்டு. முடிந்ததும் சான்று உள்ளதைப் பச்சை மையிலும், கற்பனையைச் சிவப்பு மையிலும் அடிக்கோடிட வையுங்கள்.

11. விடை எதுவானாலும் அதன் கீழே "இது எப்படித் தெரியும்?" என்று பிள்ளை எழுதட்டும். தோண்டி எடுத்த பொருளா, எழுத்தா, ஊகமா என்று ஒரு சொல்லில் பதில் போதும். விடுமுறையில் 2023-ல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கீறல் எழுத்துள்ள பானை ஓட்டின் முன் நின்று, யாரும் சொல்லாமலே அந்தக் கேள்வியைப் பிள்ளை எழுதினால், பாடம் மனதில் இறங்கிவிட்டது என்று நம்பலாம்.