நட்சத்திரம் பதின்மூன்று, வயது எவ்வளவு?

கே: பிலடெல்பியாவில் ஒரு பழம்பொருள் கடையில், 13 நட்சத்திரங்கள் வட்டமாக உள்ள அமெரிக்கக் கொடியைப் பார்த்தேன். 1777-ஆம் ஆண்டுக் கொடி என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?
- ஒரு வாசகர், நியூ ஜெர்சி

ப: கொடி பிடித்திருந்தால் வாங்குங்கள், 1777-க்கென்று தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். 13 நட்சத்திரக் கொடியைப் பின்னாளிலும் நிறையத் தைத்திருக்கிறார்கள். 1876-இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டு விழாவில் அது பறந்தது. கடற்படையின் சிறு படகுகளில் 1916 வரை பறந்தது.

வட்டத்தை வைத்தும் வயது சொல்ல முடியாது. கொடியைப் பற்றிய அமெரிக்கக் காங்கிரஸின் 1777 தீர்மானம் நட்சத்திரங்களின் எண்ணிக்கையைச் சொன்னதே தவிர, அடுக்கும் விதத்தைச் சொல்லவில்லை. 1912-இல் அதிபர் டாஃப்ட் வரிசையை நிர்ணயிக்கும்வரை தைத்தவர் வைத்ததே சட்டம்: வட்டம், வரிசை, சிறு நட்சத்திரங்கள் கூடி ஒரு பெரிய நட்சத்திரம். சேகரிப்பில் ருசியே இந்த வகைகளில்தான்.

ஆகவே தையலையும் துணியையும் பாருங்கள். மெஷின் தையல் என்றால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்காது. கம்பளி, பருத்தி, பட்டு என்றால் மேலே பேசலாம். நைலான் என்றால் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சேகரிப்பைத் தொடங்க, முதலில் வாங்கும் கொடிக்கு 48 நட்சத்திரம் போதும். 1912 முதல் 1959 வரை புழங்கியது, எளிதில் கிடைக்கும். எதை வாங்கினாலும் துவைத்து இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள்!