முகத்தில் மங்கா? காசைக் கரைக்காமல் சமாளிக்கலாம்!

கன்னம், நெற்றி, மேலுதடு என்று பழுப்பாகப் படர்கிற மங்கு நம் அல்சூர் வீடுகளுக்குப் புதிதல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது தோலின் நிறமிச் செல்கள் வேகமெடுக்கும். வெயில் அதைக் கிளறிவிடும். ஹார்மோனுக்கு அணை போட முடியாது. வெயிலுக்குக் குடை பிடிக்கலாமே, தோழிகளே!

1. குளுகுளு ஊர் என்பதால் நமக்கு வெயில் உறைப்பதில்லை. ஆனால் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உயரம் கூடினால் புற ஊதாக் கதிரின் பலமும் கூடும், மேகத்தையும் தாண்டி இறங்கும். ஏரிக்கரை நடையைக் காலை எட்டரைக்குள் முடித்துவிட்டு, பஜார் தெருவுக்குச் சாயங்காலம் போங்க.

2. நல்ல கறுப்புக் குடை ஒன்று வருஷக்கணக்கில் உழைக்கும். மெட்ரோ வரை நடக்கிற தூரத்துக்கும் விரியுங்க. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் கதிர் வரும், வெயில் விழாத பக்கமாக உட்காருங்க.

3. சிவப்பழகு க்ரீம், சீரம் என்று போகும் பணத்தை ஒரே ஒரு சன்ஸ்கிரீனில் போடுங்க. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், அட்டையில் 'அயர்ன் ஆக்சைடு' என்று போட்ட, லேசாக நிறம் கலந்ததாகப் பார்த்து வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். இரண்டு விரல் நீளம் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும்.

4. எலுமிச்சையை ரசத்துக்கு வையுங்க. முகத்தில் சாறு தடவி வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

5. மாசமாக இருக்கும்போது வந்த மங்கு, பிரசவத்துக்குப் பிறகு பலருக்குச் சில மாதங்களில் தானே மங்கிவிடும். அதுவரை குடையும் சன்ஸ்கிரீனும் போதும். ரெட்டினாய்டு, ஹைட்ரோகுவினோன் க்ரீம்களைத் தொடவே வேண்டாம்.

6. கருத்தடை மாத்திரை தொடங்கிய பிறகு மங்கு வந்ததா? நீங்களாக நிறுத்திவிடாதீங்க; ஹார்மோன் இல்லாத காப்பர்-டி ஒத்துவருமா என்று டாக்டரைக் கேளுங்க.

7. இதை மட்டும் கட்டாயம் படியுங்க. மெடிக்கல் ஷாப்பில் சும்மா கேட்டு வாங்கும் ட்யூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் கிளம்பும், நிறுத்தினால் எரியும். 2018இல் மத்திய அரசே இந்த வகைப் பூச்சுகளை டாக்டர் சீட்டுக்குக் கீழே கொண்டுவந்தது, அக்கம்பக்கப் பெண் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்க.

8. கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரி தடித்துக் கறுத்தால் அது அழுக்கல்ல, பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்காதீங்க. பெரும்பாலும் இன்சுலின் கோளாறு. பிசிஓடி உள்ளவர்களுக்கு அதிகம் வரும். க்ரீமுக்கு முன்னால் சர்க்கரைப் பரிசோதனைக்குச் செலவழியுங்க.

9. அடுப்பு அனலும் சிலருக்கு மங்கைக் கூட்டும். குக்கரில் முடிகிறதைக் குக்கரில் முடித்தால் முகத்துக்கும் நல்லது, கேஸும் மிச்சம்.

10. மாதம் ஒருமுறை அதே ஜன்னல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்க. மங்கு மெதுவாகத்தான் குறையும், கண்ணாடி பார்த்தால் தெரியாது. குறையவே இல்லையென்றால் பக்கத்துச் சிவாஜிநகரில் பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்க, டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.