ரப்பர் பாலின் இரண்டாம் பிறப்பு



டியூப் இல்லாத மிதிவண்டி டயருக்குள் துளையடைக்க ஊற்றப்படும் சீலன்ட் ஒரு வகைப் பசை என்றும், ஒருமுறை ஊற்றிவிட்டால் டயர் தேயும்வரை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் பரவியிருக்கும் எண்ணம் பிழையானது. எந்த நிறுவனத்தின் சீலன்ட் சிறந்தது என்ற கேள்வியும் அந்தப் பிழையிலிருந்தே பிறந்தது. பசை உலர்ந்தால்தான் பயன் தரும். சீலன்டோ டயருக்குள் உலர்ந்துவிட்டால் பயனற்றுப் போகும். ஓட்டையின் வாயில் மட்டும் உறைந்து, மற்ற இடமெங்கும் நீர்மமாகவே இருப்பதுதான் அதன் வேலை என்பதால், எது சிறந்தது என்பதற்கு முன் அது எதனால் உறைகிறது என்றே கேட்க வேண்டும்.

இத்தகைய சீலன்டுகளில் மிகப் பல, ரப்பர் பாலை அடிப்படையாகக் கொண்டவை. ரப்பர் பால் ஒரு கரைசல் அன்று. நுண்ணிய ரப்பர் துகள்கள் கரையாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் நீரில் பரவி நிற்கும் கூழ்மம் அது. ஒவ்வொரு துகளையும் போர்த்தியிருக்கும் புரதமும் கொழுப்பும் எதிர்மின் தன்மை உடையவையாதலால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமிலம் பட்டாலோ, நீர் ஆவியானாலோ, கடுமையாகக் கலக்குண்டாலோ அந்த விலக்கம் தோற்று, துகள்கள் இணைந்து பால் உறைகிறது.

இதை விளங்கிக்கொள்ள ரப்பர் மரத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அதன் விதைகளைக் கொண்டுசேர்க்க, அங்கு முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கையின் ஹெனரத்கொடவுக்கு வந்தன. இன்று கன்னியாகுமரி மாவட்ட மலைச்சரிவுகளிலும் நிற்கும் அம்மரத்தின் பட்டையைக் கீறினால் பால் ஓடி, சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுகிறது. பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் கீறலின் அதிர்ச்சியில் உடைந்து, அமிலத்தன்மை கொண்ட தம் உள்ளடக்கத்தைக் கொட்ட, அதனால் பால், தான் ஓடிவரும் குழலின் வாயிலேயே உறைந்து அடைப்பாகிறது. அதனால்தான் பால்வெட்டும் தொழிலாளர் அடுத்த முறை வரும்போது வெட்டுத்தடத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, பட்டையை மெல்லச் சீவி, மூடிய காயத்தை மீண்டும் திறக்கிறார். காயத்தை மூடுவது மனிதன் ரப்பர் பாலுக்குக் கற்றுக்கொடுத்த வேலையன்று; அது அதன் பிறவித் தொழில். 

ஆனால் சீலன்ட் புட்டிக்கு வரும் பாலில் அந்த நுண்பைகள் இல்லை. அம்மோனியா சேர்த்து, சுழல்விசையால் ரப்பரின் அளவு 60 விழுக்காடாகச் செறிவாக்கப்படும்போது அவை நீங்கிவிடுகின்றன. துளை அடைபட உதவுமாறு உற்பத்தியாளர்கள் இழைகளையும் பெருந்துகள்களையும் கலக்கின்றனர். குதிரின் சிறு மடையில் நெல்மணிகள் தோளோடு தோள் முட்டி வளைவாக நின்று அடைத்துக்கொள்வதுபோல, வெளியேறும் காற்றோடு பாயும் துகள்கள் ஓட்டையின் வாயில் பாலம் கட்ட, அந்தப் பாலத்தின்மேல் ரப்பர் உறைகிறது. முள்ளும் கம்பியும் இட்ட துளைகளுக்கு இது போதும். துளை மூன்று நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் சீலன்டை மட்டும் நம்பாமல், ரப்பர் திரியைச் செருக ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சீலன்டின் தேர்வு இங்கிருந்தே தொடங்குகிறது. மலைப்பாதை வண்டியின் அகன்ற டயரில் அழுத்தம் குறைவு என்பதால் மெல்லிய பாலே பெரும்பாலும் போதும்; சாலை வண்டியின் ஒடுங்கிய டயரிலோ உயர் அழுத்தம் பாலத்தைக் கட்டவிடாமல் பாலைப் பீய்ச்சியடிப்பதால் பெருந்துகள்கள் மிகுந்த வகை வேண்டும். அவ்வகை வால்வின் உள்ளகத்தை அடைத்துவிடும். ஆகவே உள்ளகம் வழியாக ஊற்றக் கூடாது, அதைக் கழற்றிவிட்டோ டயரின் ஒருபுற விளிம்பைத் திறந்தோ ஊற்ற வேண்டும். ரப்பர் பால் இல்லாமல் கிளைக்கால் என்னும் நீர்மத்தில் இழைகளைக் கலந்த வகை நெடுநாள் உலராது. ஆனால் அதன் அடைப்பு உறைந்த ரப்பரைப்போல உறுதியாவதில்லை. அன்றாடம் அலுவலகம் சென்று வரும் வண்டிக்கு அது தகும், வேகம் நாடுபவருக்குத் தகாது. கரியமிலவாயுக் குப்பியால் காற்றேற்றுவதைப் பல ரப்பர் பால் வகைகளின் உற்பத்தியாளர்கள் விலக்குகின்றனர். அவ்வாயு நீரில் கரைந்து அமிலமாகும் என்பதை நினைவில் கொண்டால் காரணம் தேட வேண்டியதில்லை.

அளவில் கஞ்சத்தனம் காட்டுவது இப்பொருளில் மிகப் பரவலான தவறு. 28 மில்லிமீட்டர் சாலை டயருக்கு ஏறக்குறைய 30 முதல் 45 மில்லிலிட்டரும், 40 மில்லிமீட்டர் டயருக்கு 60 மில்லிலிட்டரும், மலைப்பாதை டயருக்கு 90 முதல் 120 மில்லிலிட்டரும் ஊற்றுவது வழக்கம். புதிய டயரின் உட்சுவர் தன் பங்கைக் குடித்துவிடுவதால் முதல் முறை சற்றுக் கூடுதலாகவே வேண்டும். ஊற்றும் முன் புட்டியை அரைமனதாக இரண்டு முறை ஆட்டுவது குலுக்குவதாகாது. பெருந்துகள்கள் அடியில் தங்கியிருக்க, மேல்நீரை மட்டும் ஊற்றியவர் பிறகு சீலன்டைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

குளிர்நாட்டில் ஆறு மாதம் தாங்கும் பால், வெயிலில் நிற்கும் வண்டியில் இரண்டு மூன்று மாதங்களிலேயே காய்ந்துவிடும். காதருகே சக்கரத்தை ஆட்டிக் கேட்பது சோதனையன்று. பெருந்துகள்களின் படிவு கனமாயிருந்தால் ஓசை எழாது, ஓசை எழுந்தாலும் ரப்பர் முழுதும் உறைந்து நீர் மட்டும் எஞ்சியிருக்கலாம். காற்றை விட்டு, உள்ளகத்தைக் கழற்றி, வால்வைக் கீழ்ப்பக்கம் நிறுத்தி, மெல்லிய குச்சியை நுழைத்து எடுக்கையில் அது பாலாக நனைந்து வந்தால் போதும். தெளிநீராக நனைந்தாலோ உலர்ந்து வந்தாலோ டயரைத் திறந்து, உள்ளே கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். வழியில் துளை விழுந்தால் சக்கரத்தைச் சுழற்றித் துளையைக் கீழே கொண்டுவந்து சற்று நிறுத்த வேண்டும்; முள்ளை அதற்கு முன் பிடுங்கக் கூடாது.

கழித்த பாலைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அது அங்கும் உறைந்து குழாயை அடைக்கும் என்பதால், பழைய தட்டொன்றில் பரப்பி, வெயிலில் காயவைத்து, தோலாக உரித்துக் குப்பையில் சேர்க்க வேண்டும்.