மழை மாதங்களில் மிஷனெரி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குஜராத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் டாங் மாவட்டத்தில், கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்த ஆண்டில் இரண்டு சின்ன இடைவெளிதான் கிடைக்கும். தீபாவளி முடிந்ததும் குக்ணா, பீல், வார்லிக் குடும்பங்களில் பல, கரும்பு வெட்டுவதற்காக பார்டோலி, சூரத் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளுக்குப் புறப்பட்டுவிடும். திரும்ப ஏப்ரல், மே ஆகிவிடும். வந்த பிறகு மழை இறங்குவதற்குள் ஒரு பயிற்சி. நெல்லும் கேழ்வரகும் வீடு சேர்ந்து, மறுபடி கரும்புக்குக் கிளம்புவதற்குள் இன்னொன்று. நடுவில் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை பயிற்சி மையம் காலியாகக் கிடக்கும். பாய்களைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிடுவோம். ஐம்பது பேருக்குப் பருப்பு வெந்த அண்டா சமையலறை மூலையில் கவிழ்ந்திருக்கும்.

இந்த மாதங்களில் என்னதான் செய்வது என்று, தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் களத்துக்கு வரும் தம்பிகளும் தங்கைகளும் கேட்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி மாதங்களில் நாம் ஊராருக்கு ஆசிரியர்கள். மழை மாதங்களில்தான் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்க முடியும், அதற்கு வேறு காலம் கிடையாது. ஜெபக்கடிதத்தில் எழுத ஏதாவது வேண்டுமே என்று அந்தக் காலத்தையும் கூட்டங்களால் நிரப்பிவிடுவது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை

பயிற்சி முடித்துப் போனவரின் ஊருக்குப் போய், ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்காருங்கள். பிரசங்கம் செய்யச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். மே மாதம் வகுப்பில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் எது ஆகஸ்டில் அவர் வாயில் மிச்சம் இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். ஓர் இளைஞர் விதைக்கிறவன் உவமையைச் சொன்னதைக் கேட்டேன். வகுப்பில் அதை நான்கு தலைப்புகளாகப் பிரித்துக் கொடுத்திருந்தோம். அவர் தலைப்புகளை எல்லாம் விட்டுவிட்டார். மழைக்கு முன்னால் சருகும் சாணியும் போட்டு எரித்த நாற்றங்காலில் விழுந்த விதை, அதற்கு வெளியே எரியாத ஓரத்தில் விழுந்த விதை என்று சொல்லிக்கொண்டே போனார். சுவரோரம் குந்தியிருந்த ஒரு பெரியவர், எரிக்காத இடத்தில் களை முந்திக்கொள்ளும் என்று நடுவில் எடுத்துக்கொடுத்தார். எல்லாரும் தலையசைத்தார்கள். அந்த ஊரில் இருந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்த நாற்றங்கால் தெரியும்.

இப்படி இரண்டு மூன்று ஊர்களில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பாடத்திட்டத்தை எடுத்து வைத்துத் திருத்துங்கள். எந்தப் பாடம் ஒருவர் வாயிலும் வரவில்லையோ அதை எடுத்துவிடலாம், அல்லது வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கலாம். தலைமை அலுவலகம் அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பயிற்சியை அதை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

மொழியில் ஆழமாக இறங்குங்கள். அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் குஜராத்தி போதும். அடுப்படியில் பேசுவது குக்ணா. அதை வகுப்பில் யாரும் கற்றுத்தர மாட்டார்கள். மழைக்கு வெளியே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து உளுந்து புடைக்கும் பாட்டியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நாம் தவறாகச் சொன்னால் சிரிப்பார், ஆனால் சரியாக வரும்வரை விடமாட்டார். மூச்சை அழுத்திச் சொல்லும் எழுத்துகள் தமிழ் நாக்குக்குச் சுலபத்தில் பிடிபடாது. அதற்குப் பொறுமையுள்ள காது ஒன்று எதிரில் வேண்டும், அப்படிப்பட்ட காது மழையில்தான் கிடைக்கும்.

இங்கே வில்லியம் கேரியை நினைத்துக்கொள்வேன். 1794இல் அவர் வங்காளத்தின் மட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலை மேலாளராக வேலைக்குச் சேர்ந்தார். அவுரி வேலை பருவ வேலை. பருவம் முடிந்த பிறகு கிடைத்த நேரத்தில் வங்காளி படித்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். இங்கிலாந்தில் அவரை அனுப்பியவர்களுக்கோ கவலை: இவர் வியாபாரத்தில் மூழ்கி மிஷனெரி என்பதையே மறந்துவிடுவாரோ என்று எச்சரித்து எழுதினார்கள். ஊருக்கு எழுத அவரிடம் எண்ணிக்கை எதுவும் இல்லை. முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பர் கடைசியில்தான் நடந்தது. அடுத்த ஆண்டே வங்காளிப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி மட்னாபட்டியில் எழுதப்பட்டது.

நடவுக்குப் போங்கள், ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள். நாற்றுக் கட்டு தூக்கிக்கொடுக்கவாவது ஒரு கை எல்லா வீட்டுக்கும் வேண்டும். தேர்ந்த கைகள் நடும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் வரிசையில் புகுந்து கெடுக்காமல் சொன்ன வேலையைச் செய்யுங்கள். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்க வேண்டாம். சூரத், நவ்சாரி, வல்சாட், டாங் மாவட்டங்களில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வருவது வழக்கம். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரத் துறை தடுப்பு மாத்திரை கொடுக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் "ஜெபித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஜெபத்தைப் போகிற வழியிலும் செய்யலாம்.

யார் யார் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஆகஸ்டுக்குள் தெரிந்துகொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் கவனிக்காத விஷயம் இது. போன அறுவடையின் தானியம் மழையின் நடுவில் தீர்ந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து முகாதம் எனப்படும் கரும்பு மேஸ்திரி வீடு வீடாக வந்து கடன் கொடுப்பார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்தா என்பது கணக்கு. வாங்கிய பணத்துக்கு அடுத்த பருவத்தில் இருவரும் வெட்டிக் கழிக்க வேண்டும். மேஸ்திரி சொல்கிற நாளில் புறப்பட்டாக வேண்டும். நம்முடைய பயிற்சியில் சேர ஒத்துக்கொண்டவரும் அந்தக் கடனில் இருக்கலாம். அவர் பயிற்சியின் பாதியில் எழுந்து போனால், ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதி வைப்பது அநியாயம்.

பயிற்சிக்குச் சமைக்கும் அக்காவுக்கும் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கும் மழை மாதங்களிலும் சம்பளம் போக வேண்டும். ஆண்டு பட்ஜெட்டிலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் தானியம் தீர்வது இந்த மாதங்களில்தான்.

போன பயிற்சியின் கணக்கை ஜூலைக்குள் முடியுங்கள். மளிகை பில்லில் மை அழிந்துவிடும்.

பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். நம்மில் பலருடைய பிள்ளைகள் தமிழ்நாட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. நமக்குப் பயிற்சி நெருக்கடியும் அப்போதுதான். விடுமுறைக்கு வந்த பிள்ளை, அப்பாவை ஐம்பது பேருக்கு நடுவில் தேடவேண்டியதாகிறது. அந்தக் கடனை மழை மாதங்களில்தான் தீர்க்க முடியும். ஒரு சனி, ஞாயிறு விடுதி வாசலில் போய் நின்றால் போதும், அதற்கு ஈடான கடிதம் கிடையாது. டிக்கெட்டை 60 நாளுக்கு முன்பே எடுத்துவைக்கலாம். கொங்கண் பாதைக்கு மழைக்காலத்தில் தனி நேர அட்டவணை, வண்டிகள் மெதுவாகவே போகும். ஊர் போய்ச் சேரும் நேரத்தை அதைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஓய்வு எடுங்கள். கூச்சப்படாமல் எடுங்கள். 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷன், காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்தது. அதன் பிறகுதான் 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டியது. இன்றைக்கு நாம் சுற்றுலா போகும் அந்த ஊர், களைத்த மிஷனெரிகள் செத்துப்போகாமல் இருக்கக் கட்டிய இடமாகத் தொடங்கியது. ஓய்வும் ஊழியத்தின் செலவில் சேரும் என்று அவர்கள் கல்லறைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நமக்கு அந்த விலை வேண்டாம்.

செய்யக்கூடாதவை

உதவியோடு எதையும் முடிச்சுப் போடாதீர்கள். தானியம் தீரும் மாதத்தில் பக்கத்து வீட்டு அம்மா இரண்டு படி அரிசி கேட்டு வந்தால் கொடுங்கள். அவர் ஜெப வீட்டுக்கு வருகிறவரா, குலதெய்வத்துக்குக் கோழி அறுக்கிறவரா என்று பார்க்காமல் கொடுங்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்க மறுப்பது அவரைப் பிச்சைக்காரி ஆக்குவது. ஜெபக்கூட்டத்தில் வைத்து எதையும் விநியோகிக்காதீர்கள், வரும்படி அழைக்கும்போது எதையும் கையில் கொண்டுபோகாதீர்கள். குஜராத்தில் 2003இல் இயற்றிய சட்டப்படி ஆசை காட்டி மதம் மாற்றுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். பசியோடு இருப்பவர் நம் அரிசிக்காகத் தலையசைத்தால், அந்தத் தலையசைப்பைக் கர்த்தருக்கு முன்னால் வைக்க நமக்கு மனம் வருமா?

நடவு வாரத்தில் உபவாசக் கூட்டம், வாலிபர் கூட்டம் என்று எதையும் அறிவிக்காதீர்கள். ஐயா கூப்பிட்டாரே என்று வருவார்கள். நாற்று முற்றிப்போகும்.

சேற்றில் நிற்கும் பெண்களைப் படம் எடுத்து ஜெபக்கடிதத்தில் போடாதீர்கள். பெயர், ஊர், யார் புதிதாக ஆராதனைக்கு வருகிறார் போன்ற விவரங்களும் வேண்டாம். கடிதம் வாட்ஸாப்பில் எங்கெல்லாம் போகும் என்பது நம் கையில் இல்லை, அதன் விளைவை அனுபவிப்பது அந்தக் குடும்பம். எழுத ஒன்றும் இல்லாத மாதத்தில், இந்த மாதம் மொழி படித்தோம், பயிர் நட்டோம், ஜெபித்தோம் என்று எழுதுங்கள்.

டெபுடேஷனுக்கு எல்லா ஞாயிறையும் கொடுத்துவிடாதீர்கள். பயிற்சி இல்லை என்று தெரிந்தவுடன் தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்து அழைப்பு வரும், மிஷனெரி ஞாயிறு, அசனப் பண்டிகை, பெண்கள் ஐக்கியம் என்று. தாங்குகிறவர்களைப் பார்ப்பது நம் கடமை, சந்தேகமே இல்லை. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை நாசரேத்திலும் நாகர்கோவிலிலும் பேசிக்கொண்டே இருந்தால் டாங்கில் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது யார்? பிள்ளைகளைப் பார்க்க வருகிற பயணத்தோடு சேர்த்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அதற்குமேல் கேட்டால், வரமுடியாது என்று மரியாதையாக எழுதிவிடுங்கள்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். பூர்ணாவும் காப்ரியும் மலையில் பெய்த மழைக்கு மணிக்கணக்கில் ஏறி இறங்கும் ஆறுகள். முழங்கால் அளவுதானே என்று வண்டியை இறக்க வேண்டாம். எதிர்க்கரைக் கூட்டம் அடுத்த வாரம் நடக்கட்டும்.

மனச்சோர்வை மறைக்காதீர்கள். வாரக்கணக்கில் வெயில் இல்லை, துணி காயவில்லை, மின்சாரம் இல்லை, போனுக்கு டவர் இல்லை. கணவர் புத்தகம் படிப்பார், மனைவி ஈரவிறகோடு மல்லுக்கட்டுவார். இந்த மாதங்களில் வீட்டில் வரும் சண்டைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சமையலையும் தண்ணீர் சுமப்பதையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் பல நாள் சரியில்லை என்றால் மூத்த மிஷனெரி ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் போங்கள். விசுவாசக் குறைவு என்று உங்களை நீங்களே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்.

நம்மை அனுப்பிய சபைகளுக்கு

ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து மிஷனெரிகளைத் தாங்கிய அம்மாமார்களின் சபைகள் நீங்கள். மழை மாதங்களில் எங்களிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். பாட்டியிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள், பக்கத்து வீட்டில் நடவு முடிந்ததா, பிள்ளைகளைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். காணிக்கையை இந்த மாதங்களில் குறைத்துவிடாதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. அடுத்த பயிற்சியின் தேதியை மையத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். ஊர் ஊராகப் போய், கதிர் எப்போது அறுப்பார்கள், மேஸ்திரியின் லாரி எப்போது வரும் என்று கேட்டு, இரண்டுக்கும் நடுவில் விழும் நாள்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு பாய்களைப் பரணிலிருந்து இறக்கி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள், அண்டாவுக்குப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள்.