நீண்ட நூலும் நிறைவுறாத காந்தாவும்

வங்காளத்து இல்லங்கள் பலவற்றில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறந்தால் பழம்புடவைகளின் மணத்தோடு, பாதியில் நின்றுபோன போர்வைகள் சில வெளிப்படும். ஒன்றில் தற்காலிகத் தையல் மட்டும் ஓடியிருக்கும். மற்றொன்றில் நடுவே தாமரை மலர்ந்திருக்க, சுற்றிலும் வெறும் வெள்ளைத் துணியாக இருக்கும். இன்னொன்றில், என்றோ ஒரு மாலையில் குத்தி வைத்த ஊசி அப்படியே துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை ஏற்றியிருக்கும். ‘நாளை எடுத்துத் தைக்கலாம்’ என்ற எண்ணத்தோடுதான் அந்த ஊசி அங்கே குத்தப்பட்டது.

இப்போர்வைக்குக் காந்தா என்று பெயர். வடமொழியில் ‘கந்தா’ என்பது ஒட்டுப்போட்ட பழந்துணியைக் குறிக்கும். தமிழில் வழங்கும் ‘கந்தை’யும் அதன்வழி வந்த சொல்லே. உடுத்தி உடுத்தி மென்மையான புடவைகளையும் வேட்டிகளையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். ஓரங்களில் கனமான பொருள்களை வைத்து, பெண்கள் சிலர் கூடி அமர்ந்து பெரிய தையல்களால் அடுக்குகளைப் பிணைப்பார்கள். கோடைக்கு இரண்டு மூன்று அடுக்குகள் போதும். குளிர்காலத்திற்கான ‘லேப்’ இன்னும் தடிமனாக இருக்கும். அதன்பின் ஒருத்தி மட்டும், வீட்டுவேலை ஓய்ந்த பிற்பகல்களில், மாதக்கணக்கில் அமர்ந்து தைப்பாள். முற்காலத்தில் வண்ண நூலைக்கூடப் பழம்புடவையின் கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு. ஆகவே ஒரு காந்தா நெடுநாள் எடுத்துக்கொள்வது குறையாகாது. கைவிடப்படுவது வேறு.

எங்கே நின்றது?

கைவிடப்பட்ட காந்தாக்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவை பெரும்பாலும் அழகான இடத்தில் நிற்பதில்லை. அழகான இடம் முடிந்த பிறகே நிற்கின்றன. நடுத்தாமரை, நான்கு மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ, இடையிடையே மீன், யானை, தேர் ஆகியவற்றை வண்ண நூலால் தைக்கும்போது கையும் மனமும் சோர்வதில்லை. ஒவ்வொரு நாளும் கண்ணுக்குப் புதிதாக ஏதோ ஒன்று தோன்றும். உருவங்கள் முடிந்தபின் அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடம் மிஞ்சும். அங்கே வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் சிறு ஓட்டுத் தையல், உருவத்தின் விளிம்பையொட்டி வரிவரியாகச் செல்ல வேண்டும். ஒரு பிற்பகல் முழுவதும் தைத்தாலும் உள்ளங்கை அகலம்தான் நிரம்பும். தைத்தது கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. பார்ப்பவர் எவரும் பாராட்டுவதும் இல்லை.

ஆனால் காந்தாவைக் காந்தாவாக்குவது அந்த வெள்ளைத் தையலே. அடுக்குகளை ஒன்றோடொன்று இறுகப் பிடித்து, நைந்த துணி நழுவாமலும் கிழியாமலும் காப்பது அது. தண்ணீர்ப் பரப்பில் எழும் சிற்றலை போன்ற சுருக்கம் துணியில் உண்டாவதும் அதனால்தான். தாமரை மட்டும் உள்ள போர்வையை ஒருமுறை துவைத்தாலே உள்ளடுக்குகள் திரண்டு சுருண்டுவிடும். அதனைக் குழந்தைக்குப் போர்த்தவும் இயலாது.

தாமரை முடிந்ததும் வேலை முடிந்ததுபோன்ற மயக்கம் ஏற்படுகிறது. மீதியை எண்ணினால் சலிப்பு வருகிறது. அச்சமயத்தில் வேறொரு புடவை நைந்துபோகிறது. மனத்தில் வேறொரு தாமரை தோன்றுகிறது. பெட்டி இப்படித்தான் நிரம்புகிறது. சோம்பேறிகளின் வீட்டில் இப்பெட்டி இருப்பதில்லை என்பதையும் கூற வேண்டும். ஆர்வம் மிகுந்தவர்களுக்கே இந்தத் தொல்லை.

தீர்க்கசூத்திரி

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் செயல் புரிபவர்களை மூவகையாகப் பிரிக்கிறது. தாமச குணத்தவனுக்குரிய அடையாளங்களின் வரிசையில் கடைசியாக வருவது ‘தீர்க்கசூத்ரீ’ என்ற சொல். காலம் தாழ்த்துபவன் என்று இதற்குப் பொருள் கூறுவர். இன்றோ நாளையோ செய்ய வேண்டியதை ஒரு மாதத்திலும் செய்து முடிக்காதவன் என்று சங்கரர் தம் உரையில் விளக்குகிறார். ஆனால் சொல்லைப் பிரித்தால் கிடைக்கும் பொருள் ‘நீண்ட நூலை உடையவன்’ என்பதே. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் வரும் மூன்று மீன்களின் கதையிலும், வலையில் சிக்கி மாயும் மீனின் பெயர் தீர்க்கசூத்திரன்.

ஊசி பிடித்தவர்களுக்கு இச்சொல்லின் கூர்மை உடனே விளங்கும். அடிக்கடி ஊசியில் நூல் கோக்கும் சிரமத்தைத் தவிர்க்க எண்ணி, புதிதாகத் தைப்பவள் இரண்டு முழ நூலைக் கோத்துக்கொள்வாள். ஒவ்வொரு தையலுக்கும் கை நெடுந்தூரம் சென்று மீள வேண்டும். நூல் முறுக்கேறும், சிக்கலாகும், துணியில் உரசி உரசிப் பாதியிலேயே நைந்து அறும். தேர்ந்தவளோ விரல்நுனியிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல்வரை அளந்து அறுத்துக்கொள்வாள். அவள் பலமுறை கோக்கிறாள்; ஆயினும் விரைவில் முடிக்கிறாள்.

கீதையில் அச்சொல்லுக்குச் சற்று முன்னே ‘விஷாதீ’ என்ற சொல் நிற்பதும் கவனிக்கத்தக்கது. மனம் சோர்ந்தவன் என்பது அதன் பொருள். பெட்டியைத் திறக்கிறாள், முடியாதவை ஐந்தாறு கண்ணில் படுகின்றன, ‘எதையும் முடிக்காதவள் நான்’ என்ற வருத்தம் எழுகிறது, பெட்டி மூடப்படுகிறது. தாமதத்தால் வருத்தமும் வருத்தத்தால் தாமதமும் இவ்வாறு வளர்கின்றன. மொத்தப் பெட்டியையும் ஒரே வேலையாக எண்ணுவதும் ஒருவகை நீண்ட நூல்தான்.

யாருக்காக?

எனவே முடிக்க விரும்புபவர் முதலில் அனைத்தையும் வெளியே எடுத்து விரித்து, இளவெயிலில் காற்றாட விடுதல் நலம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், மடிப்புகளில் துணி எவ்வளவு நைந்துள்ளது என்பது தெரியும். மெல்ல இழுத்தாலே கிழிவதைப் போர்வையாக்க முயல்வது வீண். அதில் உறுதியாக உள்ள பகுதியை மட்டும் வெட்டி ஓரம் மடித்துத் தைக்கலாம். கண்ணாடியையும் சீப்பையும் சுற்றி வைக்கும் ‘ஆர்ஷிலதா’, தலையணை உறை, நூல்களைப் பொதியும் சதுரத் துணி எனக் காந்தாவில் சிறியவைக்கும் மரபான இடம் உண்டு. சிலவற்றைப் பிரித்து, தரை துடைக்கக் கொடுத்துவிடவும் வேண்டியிருக்கும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. அத்துணி ஏற்கெனவே ஓர் ஆயுள் உழைத்த துணி.

எஞ்சியவற்றில் எதை முதலில் எடுப்பது? முடியும் தறுவாயில் உள்ளதை எடுப்பதே எளிது என்று தோன்றும். ஆயினும் காந்தாவின் இயல்பு வேறு. அது விற்பனைக்காகப் பிறந்ததன்று. இன்னாருக்கு என்றே தொடங்கப்படுவது. கலைப்பொருள்களைத் திரட்டிக் காத்த குருசதய் தத் (1882–1941) சேகரித்தவற்றுள் மானதாசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா புகழ்பெற்றது. தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்ததாக அவரே அதில் எழுத்துகளாகத் தைத்து வைத்துள்ளார். யாருக்கு என்பது துணியிலேயே இருக்கிறது. பெட்டியில் உள்ளவற்றையும் அவ்வாறே கேட்க வேண்டும். எண்பது வயதுத் தாய்க்கென்று தொடங்கியது இருந்தால் அதற்கே முதலிடம். அங்கே காத்திருப்பது துணி மட்டுமன்று. குழந்தைக்கென்று தொடங்கியதோ, அக்குழந்தை கல்லூரிக்குச் சென்றிருந்தாலும் அடுத்த குழந்தைக்கு ஆகும்.

தொடங்கியவரே மறைந்துவிட்ட காந்தாவும் உண்டு. தாயின் தையல் நெல்மணிபோல் சிறிதாகவும், மகளின் தையல் பெரிதாகவும் இருக்கும். ஒன்றுபோலாக்குவதற்காகத் தாயின் தையலைப் பிரிப்பவர்கள் பெரும் பிழை செய்கிறார்கள். தன் கை வந்தபடி தொடர்வதே முறை. இரண்டு கைகள் சந்தித்த இடம் அதில் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அழகு குறைந்துவிடும் என்ற அச்சத்தாலேயே முடிக்காதவர்களும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்க சுல்தானின் அமைச்சர் பதவியைத் துறந்து காசிக்கு வந்த சனாதன கோஸ்வாமியின் தோளில் விலையுயர்ந்த கம்பளி ஒன்று இருந்தது. ஸ்ரீசைதன்யரின் பார்வை அதன்மீது அடிக்கடி படுவதை அவர் உணர்ந்தார். கங்கைக்கரையில் வங்காளத்தவர் ஒருவர் தம் காந்தாவைத் துவைத்து உலர்த்திக் கொண்டிருந்தார். சனாதனர் கம்பளியை அவருக்குக் கொடுத்து அந்தக் கிழிந்த காந்தாவைக் கேட்டார். தம்மைக் கேலி செய்வதாகவே அம்மனிதர் எண்ணினார் என்று சைதன்ய சரிதாமிருதம் கூறுகிறது. சனாதனர் பெற்றுக்கொண்ட அத்துணியில் தாமரை இருந்ததா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு முழ நூல்

தேர்ந்தெடுத்த ஒன்று மட்டும் வெளியே இருக்க, மற்றவை பெட்டிக்குள் திரும்ப வேண்டும். துருப்பிடித்த ஊசியை அகற்றிவிட்டு, தளர்ந்துபோன தற்காலிகத் தையல்களை முதலில் புதுப்பிக்க வேண்டும். இல்லையெனில் அடுக்குகள் நழுவி, பழைய சலிப்பு மீண்டும் வந்துவிடும். நாள்தோறும் இரண்டு முறை கோக்கும் நூல் போதும். மூன்றாவது கோக்க ஆசை எழும் நாளிலும் நிறுத்திக்கொள்வது பயன் தரும். மறுநாள் கை தானாகவே துணியைத் தேடும். நிறுத்தும்போது ஊசியைத் துணியில் குத்தி வைக்காமல் டப்பாவில் இட வேண்டும். வங்காளத்தின் ஈரக் காற்று ஒரு மழைக்காலத்திலேயே இரும்பைத் தின்றுவிடும்.

வெள்ளைத் தையல் நான்கு ஓரங்களையும் எட்டியபின், விளிம்புகளை உள்ளே மடித்துத் தைத்து, கடைசி முடிச்சை அடுக்குகளுக்கிடையே மறைத்துவிடுவார்கள். தற்காலிகத் தையல்கள் அதன்பிறகே உருவப்படும். காந்தா தண்ணீரில் நனைந்து, வெயிலில் காயும்போது நூல் துணியைச் சற்றே இழுக்கும். பரப்பு முழுவதும் சிற்றலைகள் எழும். மாலையில் அதை மடித்து, யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவருடைய கட்டிலின் கால்மாட்டில் வைக்க வேண்டும். பெட்டியில் அடுத்தது காத்திருக்கிறது. அதற்குரிய நூலை மறுநாள் காலையில் அறுத்துக்கொள்ளலாம்.